பழைய வீட்டு ஜெராக்ஸ் மெஷின்: ரோலர் மாற்றியும் பேப்பர் ஜாம் நிற்கவில்லை

பொன்மலைக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல மேஜை மேல வைக்கிற பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒண்ணு இருக்கு. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ரிட்டயர் ஆன கையோட 2006-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. நிமிஷத்துக்கு 16 காப்பி, ட்ரேயில் 250 தாள். கடை எதுவும் வைக்கலை. தெருவுல முக்கால்வாசிப் பேர் ரயில்வே பென்ஷன்காரங்க. நவம்பர் வந்தா லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கணும். ஆதார் காப்பி, பென்ஷன் புக் காப்பி, பேங்க் பாஸ்புக் காப்பி எல்லாம் எங்க வீட்டுத் திண்ணையில்தான் எடுப்பாங்க. அப்பா இப்ப இல்லை. அம்மா அந்த வழக்கத்தை விடாம வச்சிருக்காங்க.

மூணு வாரமா பேப்பர் ஜாம். காலையில முதல் ஐந்தாறு காப்பி சுத்தமா வரும், அப்புறம் சிக்கும். மெக்கானிக் ஒருத்தர் வந்து ட்ரேயில இருந்து தாளை இழுக்கிற பிக்அப் ரோலர் தேஞ்சுபோச்சுன்னு புதுசு போட்டார். அவர் ஓட்டிக் காட்டின நாலு காப்பியும் நல்லா வந்துச்சு. மறுநாள் பழையபடி ஜாம். திரும்பக் கூப்பிட்டா, "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, காயலான் கடைக்குப் போட்டுடுங்க"ங்கிறார். அம்மாவுக்கு மனசு வரலை, எனக்கும்தான். இந்த மாதத்துக்குள்ள சரி பண்ணணும். எங்கே இருந்து ஆரம்பிக்கிறது?

மணச்சநல்லூர் டிடிபி
தம்பி, நான் 14 வருஷமா டிடிபி சென்டர் நடத்துறேன். ஜாம் ஆனதும் நாம எல்லாருமே ஒரு தப்பு பண்றோம். லைட் எரிஞ்ச உடனே கவரைத் திறந்து தாளை உருவிப் போட்டுடுறோம். உருவிட்டா தடயம் போச்சு. தாளோட முன் ஓரம் எந்த இடத்துல நின்னுச்சுங்கிறதை வச்சுத்தான் எந்தப் பாகம் கெட்டிருக்குன்னு சொல்ல முடியும்.

அடுத்த தடவை ஜாம் ஆனா கையை வைக்காம ஒரு போட்டோ எடுங்க. தாள் ட்ரேயை விட்டே கிளம்பலையா? கிளம்பி, தாள்ல படத்தைப் பதிக்கிற டிரம்முக்கு முன்னால நின்னுச்சா? டிரம்மைத் தாண்டி, மைப்பொடியைச் சூட்டுல தாளோட ஒட்டவைக்கிற ஃப்யூசர் கிட்ட மடங்குச்சா? அப்புறம், ரெண்டு தாள் வருதுன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருதா, இல்லை ஒண்ணு பின்னால ஒண்ணு வருதா? இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஒரு 20 காப்பி ஓட்டி, ஒவ்வொண்ணா எழுதி வச்சுட்டு வாங்க.

பட்டறைத் தம்பி
அண்ணே, ரோலர் வழுக்கினா உப்புத்தாள் வச்சு லேசா தேய்ச்சாலே போதும். இல்லன்னா சைக்கிள் டியூப்ல ஒரு துண்டு வெட்டி ரோலர் மேல மாட்டுங்க, பிடிச்சு இழுக்கும். எங்க பட்டறை பிரிண்டர் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது.

மணச்சநல்லூர் டிடிபி
தம்பி, அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்ட உப்புத்தாள் சரி. ஆனா அதுல ரோலரோட மேல்தோல் போயிடும். அப்புறம் பேப்பர் தூசி இன்னும் சீக்கிரம் அப்பிக்கும். டியூப் மாட்டினா ரோலர் சுற்றளவு கூடுது. ஒரு சுற்றுக்குத் தாள் எவ்வளவு தூரம் போகணும்னு மெஷின் ஒரு கணக்கு வச்சிருக்கு, அது தவறிப்போகும். உங்க பிரிண்டர்ல ஓடியிருக்கலாம், இல்லைன்னு சொல்லலை. இவர் மெஷின்ல ரோலரே புதுசு. அதுல கை வைக்க வேண்டாம்.

ரோலர் நல்லா இருக்கான்னு பார்க்க விரல் நுனியே போதும். துணியில தண்ணி நனைச்சுப் பிழிஞ்சு ஒரு தடவை துடைச்சு, காய விட்டு, விரலை வச்சு இழுத்துப் பாருங்க. நல்ல ரப்பர் விரலைப் பிடிக்கும். கெட்டது கண்ணாடி மாதிரி வழுக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க. தேங்காய் எண்ணெய் போட்ட ஒருத்தரை நானே பார்த்திருக்கேன், அந்த ரோலரைத் தூக்கித்தான் போட வேண்டியதாச்சு.

பொன்மலைக்காரன்
அக்கா, நீங்க சொன்ன மாதிரியே 20 காப்பி ஓட்டினேன். ஒவ்வொண்ணா நோட்டுல எழுதினேன்.

முதல் 7 சுத்தமா வந்துச்சு. எட்டாவது ஜாம். ஒரு காப்பிதான் கேட்டேன். முதல் தாள் பாதி வெளியே வந்துடுச்சு. அதோட வாலை ஒட்டி, நடுவுல இடைவெளியே இல்லாம, அடுத்த தாள் உள்ளே நுழைஞ்சு நிக்குது. ஒண்ணு மேல ஒண்ணு இல்லை, ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு. இப்படி மொத்தம் நாலு தடவை. இன்னும் ரெண்டு தடவை முதல் தாளே டிரம்முக்கு முன்னால விசிறி மாதிரி மடிஞ்சு நசுங்கி நின்னுச்சு. மீதி 14 நல்ல காப்பி. மெஷின் சூடாகச் சூடாகத் தொல்லை கூடுது. அரை மணி நேரம் அணைச்சு வச்சுட்டுப் போட்டா மறுபடியும் அஞ்சு ஆறு நல்லா வருது. ரோலரை விரலால் பார்த்தேன், நல்லாப் பிடிக்குது.

பழைய ரோலர்
நான் 22 வருடம் காப்பியர் சர்வீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி எழுதியிருக்கிற குறிப்பு அருமை. இப்படி எழுதிக் கொடுக்கிற வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

தாள் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் கோளாறு இருக்கும் இடம் உங்களுக்கே தெரிந்துவிடும். காப்பி ஓடும்போது பிக்அப் ரோலருக்கு மோட்டார் தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில், அந்தச் சுழற்சியை ரோலருக்குச் சேர்க்கவும் நிறுத்தவும் ஒரு ஸ்பிரிங் கிளட்ச். அதை ஒரு சின்னக் கொக்கி பிடித்து நிறுத்தியிருக்கும். அந்தக் கொக்கியை இழுப்பது சொலினாய்டு என்கிற மின்காந்தம். காப்பி பட்டனை அமுக்கினால் காந்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இழுத்து உடனே விட்டுவிட வேண்டும். கொக்கி விலகும், ரோலர் ஒரே ஒரு சுற்று சுற்றும், அதற்குள் கொக்கி பழைய இடத்துக்கு வந்து மறுபடி பிடித்துவிடும். அந்த ஒரு சுற்றில் மேல் தாள் கிளம்பி, அசையாமல் நிற்கும் ரெஜிஸ்ட்ரேஷன் ரோலரில் போய் முட்டும். முட்டிய தாள் லேசாக வில் போல வளையும். கொஞ்சம் கோணலாக வந்திருந்தாலும் அந்த முட்டலில் நேராகிவிடும். பிறகு டிரம்மில் படம் வருகிற நேரம் பார்த்து ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர் சுற்றத் தொடங்கித் தாளை வாங்கிக்கொள்ளும்.

இப்போது உங்கள் கோளாறுக்கு வருவோம். இரண்டு தாள் மேலும் கீழுமாக ஒட்டி வந்திருந்தால் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடும் செப்பரேஷன் பேட் தேய்ந்தது, அல்லது தாளில் ஈரம் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ரோலர் ஒரு சுற்றோடு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். முதல் தாளின் வால் நகர்ந்ததும் அடியில் இருந்த தாளையும் பிடித்துத் தள்ளிவிடுகிறது. சென்சாரைப் பொறுத்தவரை தாள் முடியவே இல்லை, அதனால் ஜாம் என்று நிறுத்துகிறது. விசிறி மாதிரி மடிந்ததும் அதே காரணம்தான். ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர் வாங்கிக்கொள்ளத் தயாராகும் முன்பே பின்னால் இருந்து இரண்டாம் முறை தள்ளு விழுந்திருக்கிறது. ஆகவே ரோலர் குற்றவாளி அல்ல. அதை நிறுத்த வேண்டிய கொக்கி நேரத்துக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? அந்தக் காந்தத்துக்கும் அது இழுக்கிற இரும்புத் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டோ ரப்பர் துண்டோ ஒட்டியிருப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கும் மெஷின் சூட்டுக்கும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது உருகிப் பிசினாகிவிடும். தகடு அதில் ஒட்டிக்கொண்டு மெதுவாக விடும். சூடானால் பிசின் இன்னும் இளகும், ஆறினால் இறுகும். காலையில் முதல் ஐந்தாறு காப்பி ஏன் நன்றாக வருகிறது, மெக்கானிக் ஓட்டிய நாலு காப்பி ஏன் நன்றாக வந்தது என்பதற்கும் இதுதான் விடை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேப்பர் எடுப்பதில் தகராறு என்றால் நாங்கள் எல்லோருமே முதலில் ரோலரைத்தான் பார்ப்போம்.

திறப்பதற்கு முன் ஒரு சோதனை. போனில் ரெக்கார்டிங் போட்டு மெஷின் மேல் வைத்துவிட்டுப் பத்துக் காப்பி ஓட்டுங்கள். தாள் கிளம்பும்போது 'டக்-டக்' என்று இரண்டு சத்தம் வரும். இழுக்கிற சத்தம் ஒன்று, விடுகிற சத்தம் ஒன்று. ஜாம் ஆகிற காப்பியில் இரண்டாவது சத்தம் தாமதமாக வரும், அல்லது மொத்தையாக 'ப்ச்' என்று கேட்கும்.

பொன்மலைக்காரன்
சார், அப்படியே கேக்குது! நல்ல காப்பியில டக்-டக். ஜாம் ஆன காப்பியில டக்... அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்லை. அம்மாவையும் கேட்கச் சொன்னேன், அவங்களும் சரியா சொல்லிட்டாங்க. இதை எப்படித் திறக்கிறது?

பழைய ரோலர்
முதலில் பிளக்கைச் சுவரில் இருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஃப்யூசர் 180 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், முக்கால் மணி நேரமாவது ஆற விடுங்கள். டிரம்மை வெளியே எடுக்க வேண்டி வந்தால் கறுப்புத் துணியில் சுற்றி வையுங்கள், வெளிச்சம் பட்டால் காப்பி கறுத்துப்போகும். டோனர் என்கிற மைப்பொடி கொட்டினால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் அது இளகிப் பிடித்துக்கொள்ளும்.

பின்பக்கக் கவரைக் கழற்றியதும் பல்சக்கரங்கள் தெரியும். ட்ரே மட்டத்தில், பிக்அப் ரோலர் தண்டின் முனையில், தீப்பெட்டியில் பாதி அளவு செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும், அதன் தலையில் ஒரு தகடு. விரலால் தகட்டை அமுக்கி விடுங்கள். உடனே துள்ளி எழ வேண்டும். கவர் திறந்திருக்கும்போது கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், பின்பக்கம் 230 வோல்ட் நேராக வருகிறது. கையால் அமுக்கிப் பார்த்தாலே போதும்.

கோண்டாவில்
எங்கட வீட்டிலயும் ஒரு பழைய போட்டோகொப்பி மெசின் நிண்டது. சொலினாய்டு கதை எனக்குப் புதுசு, நன்றி ஐயா. ஒண்டு மட்டும் சொல்லுறன். மழை காலத்தில தாளையும் பாருங்கோ. திறந்த கட்டை ட்ரேயில விட்டா ஓரமெல்லாம் அலை அலையா வந்திடும், பிறகு நல்ல மெசினும் சிக்கும். நாங்கள் மிச்சத் தாளை அந்த உறையோடயே பொலித்தீன் பையில போட்டு அலுமாரிக்குள்ள வைக்கிறனாங்கள். ட்ரேயில அண்டைக்குத் தேவையானதை மட்டும் போடுவம்.

பொன்மலைக்காரன்
திறந்துட்டேன். கொஞ்சம் விவரமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

பின் கவரில் ஏழு திருகு. கழற்றித் திருப்பினதும் கவரோட உள்பக்கம் பென்சில்ல அப்பா எழுத்து. பணிமனைப் பழக்கம், எதைத் தொட்டாலும் தேதி போட்டு எழுதி வைப்பார். "14.3.2009 பல்சக்கரம் கிரீஸ்." "2.7.2011 டிரம் புதுசு." கடைசி வரி: "9.11.2013 காந்தம் – பஞ்சு மாத்தினேன்." இதே வேலையை அப்பா அன்னைக்கே பண்ணியிருக்கார். எங்க யாருக்குமே தெரியாது. அம்மா பக்கத்துல உக்காந்து அந்த வரிகளைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை.

சார் சொன்ன இடத்துலயே காந்தம் இருந்துச்சு. தகட்டை அமுக்கி விட்டேன். எழும்பலை. ஒரு நொடி அப்படியே படுத்துக் கிடந்து, அப்புறம் மெல்ல, பலாப்பழம் அறுத்த கத்தியில இருந்து விரலைப் பிரிக்கிற மாதிரி இழுத்துக்கிட்டு மேல வந்துச்சு. நடுவுல ரெண்டு மூணு கறுப்பு நூல் மாதிரிப் பிசின். அப்பா வச்ச பஞ்சு அது. கறுத்து, பாகாயிடுச்சு.

இதைச் சுரண்டி எடுத்துட்டு அப்படியே விட்டுடலாமா? இல்லை, ஏதாவது ஒட்டணுமா?

பட்டறைத் தம்பி
அண்ணே, நான் சொன்ன உப்புத்தாளை மறந்துடுங்க. நானும் எங்க பிரிண்டரைத் திறந்து பார்க்கப்போறேன்.

பழைய ரோலர்
அப்பா கைக்கு என் வணக்கம். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பஞ்சு உழைத்திருக்கிறது.

சுரண்டிவிட்டு வெறுமனே விடக்கூடாது. இரும்பும் இரும்பும் நேராகத் தொட்டால், கரண்ட் நின்ற பிறகும் கொஞ்சம் காந்தம் மிச்சமிருந்து தகட்டைப் பிடித்துக்கொள்ளும். பிசின் இல்லாமலே அதே கோளாறு வரும். நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

மூங்கில் குச்சியைச் சீவி முதலில் மொத்தைப் பிசினை எடுங்கள். கத்தி வேண்டாம், சுருளின் கம்பியில் பட்டுவிடும். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, இரண்டு முகத்தையும் கறை வராத வரைக்கும் துடையுங்கள். ஊற்றக்கூடாது, தொட்டுத் துடைக்க வேண்டும். தகட்டை இழுத்துப் பிடிக்கிற சின்ன ஸ்பிரிங்கை வளைத்துவிடாதீர்கள்.

ஒட்டுவதற்கு, மோட்டார் காயில் கட்டுகிற கடையில் மஞ்சள் நிறத்தில் மெல்லிய டேப் வைத்திருப்பார்கள். சூடு தாங்கும், பசை வழியாது. அரை அடி கேட்டு வாங்கி, ஒரே ஒரு சுற்று, தகடு தொடும் இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், அதன் பசையே ஆறு மாதத்தில் வெளியே வரும். பஞ்சும் வேண்டாம். கனமாக ஒட்டினால் தகடு முழுசாக இறங்காது, கொக்கி விலகாது, பேப்பரே எடுக்காது. மெலிதாக இருக்கட்டும்.

பொன்மலைக்காரன்
பொன்மலைப்பட்டி கடைத்தெருவுல மோட்டார் ரீவைண்டிங் கடையில டேப் கிடைச்சுது. காசு வாங்கலை, என்னத்துக்குன்னு கேட்டு அவரும் ஆர்வமாயிட்டார். ஒரு சுற்று ஒட்டினேன். தகடு இப்ப தொட்டதும் துள்ளுது.

மூடிட்டு 40 காப்பி ஓட்டினேன். நல்லா சூடான பிறகும் ஒரு ஜாம் கூட இல்லை. டக்-டக் சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் பலமா இருக்கு. ஒரு குறை மட்டும் மிச்சம்: எழுத்து லேசா கோணலா விழுது. ஏ4 தாளோட மேல் ஓரத்துல இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம்.

மணச்சநல்லூர் டிடிபி
ரொம்ப சந்தோஷம் தம்பி! கோணலுக்கு முதல்ல ட்ரேயில ரெண்டு பக்கமும் தாளை அணைக்கிற கைடைப் பாருங்க. இத்தனை தடவை ட்ரேயை இழுத்துப் போட்டதுல நகர்ந்திருக்கும். தாளை இறுக்கவும் கூடாது, ஆடவும் விடக்கூடாது. அதுக்கப்புறமும் கோணல்னா புது ரோலரை ஒரு பக்கம் முழுசா உள்ளே தள்ளாம மாட்டியிருக்காங்களான்னு பாருங்க, கிளிப் 'டிக்'னு விழணும்.

தாளையும் கோண்டாவில் சகோதரர் சொன்ன மாதிரி பத்திரமா வைங்க. 500 தாள் கட்டைப் பிரிச்சதும் உறையில அம்புக்குறி போட்டிருக்கும், முதல்ல எந்தப் பக்கம் காப்பி எடுக்கணும்னு காட்டுறதுக்கு. ட்ரேயில போடுறதுக்கு முன்னால நாலு ஓரத்தையும் விசிறி விடுங்க. வெட்டின ஓரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும்.

கோண்டாவில்
ஒரு பக்கம் அடிச்ச தாளைத் திருப்பிப் போடலாமோ அக்கா? நாங்கள் மிச்சம் பிடிக்க அப்பிடிச் செய்யிறனாங்கள்.

மணச்சநல்லூர் டிடிபி
செய்யலாம், ஆனா ரெண்டு விஷயம். ஸ்டேப்ளர் பின் இருந்த தாள் வேண்டவே வேண்டாம், ஒரு பின் போதும் டிரம்முல கோடு விழ. இன்னொண்ணு, ஃப்யூசர்ல ஒரு தடவை போன தாள் சுருண்டிருக்கும். ஒரு ராத்திரி கனமான புத்தகத்துக்கு அடியில வச்சு நிமிர்த்திட்டுப் போடுங்க. அதை ட்ரேயில அடுக்காம பக்கவாட்டு வழியா ஒவ்வொண்ணா கொடுத்தா இன்னும் நல்லது.

பட்டறைத் தம்பி
கரும்புச் சக்கையில செய்யிற தாள்ல தூசி அதிகம்னு ஒருத்தர் சொன்னாரே, அது நிஜமா? எங்க பக்கம் கரூர் காகிதபுரத்துத் தாள்தான் ஈசியா கிடைக்குது.

பழைய ரோலர்
நான் அந்தத் தாளில் வருடக்கணக்காக மெஷின் ஓட்டியிருக்கிறேன், குறையில்லை. சக்கையா மரமா என்பதைவிட, கட்டு ஈரம் படாமல் இருந்ததா, ஓரம் சுத்தமாக வெட்டியிருக்கிறதா என்பதுதான் ரோலருக்குத் தெரியும். 75 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள தாள் வாங்குங்கள். அதைவிட மெல்லிசு மழைக்காலத்தில் துவண்டுபோகும்.

ஒரு சின்ன விஷயம், இந்த வேலையில் இருந்தவன் என்பதால் சொல்ல ஆசை. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் காப்பி எடுத்தபோது, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகுத் தாளைக் கையால்தான் அழுத்தினார். தாளை இழுக்க ரோலர் எதுவும் இல்லை. 1959-ல் ஜெராக்ஸ் 914 வந்த பிறகுதான் பட்டனை அமுக்கினால் சாதாரணத் தாளில் தானாகக் காப்பி வரும் காலம் பிறந்தது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலம் வரை தாள் எடுக்கும் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். தாளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கும் பாடு அன்றிலிருந்து எங்கள் தலையில்.

பொன்மலைக்காரன்
கைடுதான் நகர்ந்திருந்துச்சு அக்கா. சரி பண்ணினதும் கோணல் போயிடுச்சு. இன்னைக்குக் காலையில எதிர்வீட்டுப் பெரியவர் முதல் ஆளா வந்து பென்ஷன் புக் ரெண்டு செட் எடுத்துக்கிட்டுப் போனார். மதியத்துக்குள்ள 63 காப்பி, எதுவும் சிக்கலை.

திரும்ப மூடுறதுக்கு முன்னால அப்பா எழுதின கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு "பஞ்சு எடுத்துட்டு மஞ்சள் டேப், ஒரு சுற்று"ன்னு பென்சில்ல எழுதினேன். மிச்ச டேப்பை ஒரு கவர்ல போட்டு உள்பக்கமே ஒட்டி வச்சிருக்கேன். சார், இந்தக் கிளட்ச் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் ஏதாவது விடணுமா?

பழைய ரோலர்
வேண்டாம். ஸ்பிரிங் கிளட்ச் பிடித்து இழுத்தால்தான் வேலை செய்யும், எண்ணெய் பட்டால் வழுக்கும். பல்சக்கரத்தில் அப்பா வைத்த கிரீஸ் காய்ந்திருந்தால் அதை மட்டும் துடைத்துவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற வெள்ளை கிரீஸ் கடுகளவு வையுங்கள். கிளட்சை அப்படியே விடுங்கள்.